சேர்க்கப்படாதவர்களின் ஏட்டையும் திறந்து வையுங்கள்

ராயல் சொசைட்டியின் தலைவருக்கும் ஆட்சிக் குழுவினருக்கும்,
கார்ல்டன் ஹவுஸ் டெரஸ், லண்டன்.

மதிப்பிற்குரியோரே,

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். எஃப்.ஆர்.எஸ்., அதாவது உங்கள் அறிவியல் சங்கத்தின் உறுப்பினர், என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த சின்ன ஓட்டு வீட்டைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். உங்கள் சங்கம் அவருக்குக் கொடுத்த அந்த மூன்று எழுத்துகளை அவர் பெயரின் பகுதியாகவே சொல்லிப் பழகிய ஊர் இது. அந்த நன்றி குறையாமல்தான் இந்தக் கோரிக்கையை வைக்கிறேன்.

உங்கள் சங்கத்துக்கு முன்மொழியப்பட்டும் தேர்ந்தெடுக்கப்படாமல் போனவர்களின் படிவங்களில் ஐம்பது ஆண்டு கடந்தவை அனைத்தையும் ஒரே இடத்தில் யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். எந்த ஆண்டு, யார் முன்மொழிந்தார்கள், எத்தனை முறை வாக்கெடுப்புக்கு வந்தது, மறுத்ததற்குக் காரணம் பதிவாகியிருந்தால் அது என்ன என்ற விவரங்களும் கூடவே இருக்கட்டும். தேர்வானவர்களின் படிவங்களை நீங்கள் அருமையாகப் பாதுகாத்து இணையத்திலும் வைத்திருக்கிறீர்கள். 1660 முதல் இன்றுவரை 8,000-க்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கதவு யாருக்குத் திறந்தது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். யாருக்குத் திறக்கவில்லை என்பதும் சேர்ந்தால்தான் உங்கள் சங்கத்தின் வரலாறு முழுமையாகும்.

இதை ஏன் கேட்கிறேன் என்பதை ராமானுஜனிலிருந்தே தொடங்குகிறேன்.

1917 கடைசியில் அவருக்காக எழுதப்பட்ட படிவத்தில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியின் கையெழுத்து இருக்கிறது. லிட்டில்வுட், மெக்மஹோன், விட்டேகர், வைட்ஹெட் என்று அக்காலத்தின் பெரிய கணிதப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஹாப்சன், பேக்கர் என்ற இரண்டு பெயர்களும் அதில் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த நாளில், ஹார்டிக்கு எழுதுமுன் ராமானுஜன் தம் கணக்குகளை அனுப்பியும் ஊக்கமான பதில் தராதவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லும் அதே ஹாப்சனும் பேக்கரும்தான் இவர்கள். சில ஆண்டுகளில் அவர்களே பரிந்துரையில் ஒப்பமிடுகிறார்கள். ராமானுஜனின் திறமை இடையில் முளைத்துவிடவில்லை. தேற்றங்கள் முன்பே இருந்தன. நடுவில் வந்து சேர்ந்தது ஹார்டி என்ற ஒரே ஒரு மனிதர்.

அந்த ஹார்டியும் எளிதாக இதைச் சாதித்துவிடவில்லை. ராமானுஜன் அப்போது மருத்துவ விடுதியில் படுத்திருந்தார். இந்த ஆண்டு வேண்டாம், இளைஞர்தானே, காத்திருக்கட்டும் என்று நினைக்க இடமிருந்த நேரம். அன்றைய தலைவர் ஜே. ஜே. தாம்சனுக்கு ஹார்டி எழுதினார்: உடல்நிலை மோசமாக இருக்கிறது, தள்ளிப்போட்டால் காலம் கடந்துவிடக்கூடும் என்று வாதாடினார். 1918-இல் ராமானுஜன் தேர்வானார். இப்படி நடக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்று ஹார்டிக்கு நன்றி எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 32 வயதில், சென்னையில் காலமானார். ஹார்டி அந்த ஆண்டு சும்மா இருந்திருந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சொல்லும் அந்த மூன்று எழுத்து வரலாற்றில் இருந்திருக்காது.

அந்த ஆண்டு போட்டியில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். தேர்வானவர்கள் 15 பேர். மிச்சம் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் யார்? அவர்களில் பலர் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்து சேர்ந்திருப்பார்கள். சிலர் வரவே இல்லை. அவர்களில் யாருக்கு ஒரு ஹார்டி இல்லாமல் போனார் என்பதுதான் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி.

உங்கள் பழைய படிவத்தின் அமைப்பே இந்தக் கேள்வியை எழுப்புகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சிட்ட படிவத்தைப் பாருங்கள். மேலே பெயர், பட்டம், தொழில், வழக்கமாக வசிக்கும் இடம். அடுத்து, இன்னதைக் கண்டுபிடித்தவர், இன்ன நூலை எழுதியவர், இன்ன கருவியைப் புதிதாக அமைத்தவர் அல்லது மேம்படுத்தியவர் என்று நிரப்புவதற்கான வரிகள். அதன் கீழே, சங்கத்துக்குப் பயனுள்ள உறுப்பினராக விளங்கக்கூடியவர் என்று நாங்கள் பரிந்துரைக்கிறோம் என்ற வாசகம். அதற்கும் கீழே கையெழுத்துகள் இரண்டு பகுதியாகப் பிரிகின்றன. நேரில் அறிந்து ஒப்பமிடுவோர் ஒரு பக்கம், பொதுவாகக் கேள்விப்பட்டு ஒப்பமிடுவோர் இன்னொரு பக்கம். உள்ளே இருக்கும் சிலர் உங்களை நேரில் அறிந்திருந்தால்தான் அந்தத் தாள் நிறையும். லண்டனில் விருந்துக்குப் போகக்கூடியவருக்கு அது சின்ன வேலை. மதராஸிலோ கல்கத்தாவிலோ பகலெல்லாம் எண்களைக் கூட்டிக்கொண்டு இருந்தவருக்கு அது கடல் தாண்டும் வேலை.

இந்தப் படிவ முறையே 1731-இல்தான் வந்தது. அதற்கு முன் கதை வேறு. 1660 நவம்பர் 28 அன்று கிரஷாம் கல்லூரியில் கிறிஸ்டோபர் ரென் சொற்பொழிவு முடிந்தபின் பன்னிரண்டு பேர் கூடிப் பேசினார்கள். சேரும்போது பத்து ஷில்லிங், வாரம் ஒரு ஷில்லிங் என்று கட்டணம் வைத்தார்கள். உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு குறித்த கையோடு, பாரன் அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம் உள்ளவர் அந்த வரம்புக்கு வெளியே சேரலாம் என்றும் எழுதிக்கொண்டார்கள். அறிவைத் தேடிக் கூடிய முதல் நாட்களிலேயே பரம்பரைப் பட்டத்துக்குத் தனி வாசல் வைத்தாகிவிட்டது.

ஆனாலும் அந்தத் தொடக்க காலத்தை நினைத்தால் எனக்கு மரியாதையே மேலிடுகிறது. ஜான் கிரான்ட் லண்டனில் துணிமணி, பித்தான் வகைகள் விற்ற வணிகர். நகரத்தில் வாரா வாரம் அச்சிட்ட சாவுக் கணக்குகளை வைத்துக்கொண்டு, எந்த நோயில் எத்தனை பேர் சாகிறார்கள், பிறக்கும் குழந்தைகளில் எத்தனை பிழைக்கின்றன என்று ஆராய்ந்து 1662-இல் நூலாக வெளியிட்டார். மக்கள்தொகைப் புள்ளியியலின் தொடக்கமே அதுதான். கடைக்காரரைச் சேர்க்கலாமா என்ற தயக்கம் எழுந்தபோது மன்னர் இரண்டாம் சார்லஸ், இப்படிப்பட்ட வணிகர்கள் இன்னும் கிடைத்தால் மறுபேச்சில்லாமல் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதாக உங்கள் முதல் வரலாற்றாசிரியர் தாமஸ் ஸ்பிராட் எழுதியிருக்கிறார். டச்சு நாட்டில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், லத்தீன் தெரியாதவர், தாமே உருட்டிய சின்னக் கண்ணாடி வில்லைகளால் நீர்த்துளியில் உயிர்களைப் பார்த்து உங்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1680-இல் அவரையும் உறுப்பினராக்கினீர்கள். அவர் ஒருநாளும் லண்டன் கூட்டத்துக்கு வந்ததில்லை. வாரச் சந்தா கொடுக்கச் சிரமம் என்றபோது நியூட்டனுக்கு 1675-இல் விலக்கு அளித்தீர்கள். மனம் இருந்தபோது உங்கள் முன்னோர் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அடுத்த நூறு ஆண்டுகளில் அந்த மனம் தளர்ந்தது. பணமும் குடும்பமும் உள்ள கனவான்கள் மன்றத்தை நிறைத்தார்கள். ஜோசப் பாங்க்ஸ் 1778 முதல் 1820 வரை தலைவராக இருந்த நீண்ட காலத்தில், நியூகாசில் சுரங்கத் தொழிலாளியின் மகனான கணிதர் சார்லஸ் ஹட்டன் அயலகச் செயலர் பொறுப்பிலிருந்து வெளியேற நேர்ந்தது. 1830-இல் தலைவர் தேர்தலில் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் நின்றார்; எதிரே மன்னரின் தம்பி சசெக்ஸ் கோமகன். 119-க்கு 111 என்று கோமகன் வென்றார். எட்டு வாக்கு. பிறகு 1847-இல் விதிகளைத் திருத்தி, ஆண்டுக்கு 15 பேர், அறிவியல் தகுதியே அளவுகோல் என்று ஆக்கினீர்கள். உங்கள் வரலாற்றில் நான் பெரிதாக மதிக்கும் திருப்பம் அது.

ஃபாரடேயின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். புத்தகம் தைக்கும் கடையில் தொழில் பழகியவர், வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் ஆய்வுக்கூட உதவியாளர். 1823-இல் அவருக்காக நண்பர்கள் படிவம் எழுதிக் கூட்ட அறையில் தொங்கவிட்டார்கள். அப்போது சங்கத்தின் தலைவர் அதே டேவி. படிவத்தை எடுத்துவிடு என்றார். நான் வைக்கவில்லை, வைத்தது முன்மொழிந்தவர்கள், நான் எடுக்க முடியாது என்றார் ஃபாரடே. 1824 ஜனவரி 8 அன்று வாக்குப் பெட்டியில் விழுந்த குண்டுகளில் ஒன்றே ஒன்றுதான் கறுப்பு, அதாவது எதிர் வாக்கு. அவர் தேர்வானார். மின்மோட்டாருக்கும் மின்னாக்கிக்கும் அடிப்படை போட்ட மனிதருக்கே அப்படி ஒரு நாள் இருந்தது. அந்தப் படிவத்தில் ஒப்பமிட்ட நண்பர்கள் தலைவரின் முகத்துக்குப் பயந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படிப் பயந்து கிழித்துப் போடப்பட்ட படிவங்கள் எத்தனை என்று நமக்கு ஒருபோதும் தெரியாது. கிழிக்கப்படாமல் உங்கள் பெட்டகத்தில் எஞ்சியவற்றையாவது பார்க்க விடுங்கள் என்று கேட்கிறேன்.

பெண்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

கரோலின் ஹெர்ஷல் தாம் கண்ட வால்நட்சத்திரத்தைப் பற்றி எழுதியதை 1787-இல் உங்கள் இதழில் அச்சிட்டீர்கள். மேரி சாமர்வில்லின் ஆய்வுக் கட்டுரை 1826-இல் உங்கள் மன்றத்தில் வாசிக்கப்பட்டது. வாசிக்கக் கொடுத்தவர் உறுப்பினரான அவர் கணவர். பின்னர் உறுப்பினர்கள் பணம் திரட்டி, சிற்பி சான்ட்ரியைக் கொண்டு சாமர்வில்லுக்கு மார்பளவுச் சிலை வடித்தார்கள். சிலை உங்கள் கட்டடத்துக்குள் வந்தது. சிலைக்குரியவர் உறுப்பினராக வர முடியவில்லை.

ஹெர்த்தா அயர்டன் போலந்திலிருந்து வந்த யூதக் கடிகாரக்காரரின் மகள். மின்வில் விளக்குகள் ஏன் சீறுகின்றன என்று ஆராய்ந்து தீர்வு சொன்னவர். கடற்கரை மணலில் அலை வரையும் வரிகள் எப்படி உண்டாகின்றன என்று தொட்டிகளில் நீரை அசைத்து அசைத்துப் பார்த்தவர். 1902-இல் அவரை உறுப்பினராக்க முறைப்படி படிவம் கொடுத்தார்கள். நீங்கள் வழக்கறிஞர்களைக் கேட்டீர்கள். திருமணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனியான இருப்பு இல்லை, ஆகவே சாசனத்தின்படி அவரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று பதில் வந்தது. அறிவியல் கேள்வியே அங்கே எழவில்லை. 1904-இல் தம் கட்டுரையைத் தாமே உங்கள் மன்றத்தில் வாசித்த முதல் பெண் அவர். 1906-இல் ஹியூஸ் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தீர்கள். பதக்கம் கொடுக்கலாம், உறுப்பினராக்க முடியாது என்ற நிலையோடு 1923-இல் அவர் காலமானார். பாலினத்தைக் காரணம் காட்டி விலக்கக் கூடாது என்று 1919-இலேயே பிரிட்டனில் சட்டம் வந்திருந்தது. ஆனாலும் படிக உருவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேலையும் உயிர்வேதியியலாளர் மார்ஜரி ஸ்டீஃபன்சனையும் தேர்ந்தெடுக்க 1945 வரை எடுத்துக்கொண்டீர்கள். சங்கம் தொடங்கி 285 ஆண்டுகள்.

அயர்டனின் படிவம் எஞ்சியிருப்பதால்தான் இந்த வரலாற்றை இன்று நாம் பேச முடிகிறது. உங்கள் சங்கமே அதை வெளிப்படையாக எடுத்துச் சொல்கிறது. அதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஒரு படிவத்தால் இவ்வளவு தெரியவந்தது என்றால் மற்றவற்றால் என்னென்ன தெரியவரும்?

இந்தியாவிலிருந்து முதலில் உங்கள் உறுப்பினரானவர் பம்பாய்க் கப்பல் கட்டும் குடும்பத்து அர்தசீர் கர்செட்ஜி. பார்சி. தம் வீட்டில் எரிவாயு விளக்கு ஏற்றிக் காட்டியவர், சிறு கப்பலில் நீராவி எந்திரம் பொருத்தியவர், சொந்தச் செலவில் இங்கிலாந்து வந்து கப்பல் எந்திரங்களைக் கற்றவர். 1841-இல் தேர்வானார். அடுத்த இந்தியர் 1918-இல் ராமானுஜன். நடுவில் 77 ஆண்டுகள். அந்த 77 ஆண்டுகள் இந்தியா அறிவியலில் உறங்கிக் கிடந்த காலம் என்று யாராவது நம்பினால் அவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்வேன்.

ஒருவர் ராதாநாத் சிக்தார். இந்திய நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெருமுக்கோண அளவை 1802-இல் எங்கள் பரங்கிமலை அடிவாரத்தில் அடிக்கோடு போட்டுத் தொடங்கியது. அதைத் தொடங்கிய லாம்டன் உங்கள் உறுப்பினர். அடுத்துவந்த எவரெஸ்ட் உங்கள் உறுப்பினர். அவருக்கு அடுத்துவந்த ஆண்ட்ரூ வா என்பவர் 1858-இல் உறுப்பினரானார். இன்று எவரெஸ்ட் எனப்படும், பதினைந்தாம் எண்ணிட்ட சிகரம்தான் உலகிலேயே உயரமானது என்று காட்டிய கணக்கீட்டில் முன்நின்றவர் வங்காளத்துக் கணிதர் சிக்தார். 1864-இல் பவேரிய இயற்கை வரலாற்றுச் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கிக் கௌரவித்தது. ஜெர்மனியில் கேட்ட பெயர் லண்டனில் கேட்கவில்லையா, அல்லது கேட்டும் யாரும் தாளை எடுக்கவில்லையா?

இன்னொருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர், மதராஸ் வானாய்வகத்தின் முதல் உதவியாளர். நுங்கம்பாக்கத்தில் இருந்த அந்த ஆய்வகத்தில் இரவு இரவாக விண்மீன்களின் இடங்களை அளந்தவர். 1867-இல், ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டார். ரெட்டிகுலம் கூட்டத்தில் உள்ள அதை இன்று ஆர் ரெட்டிகுலி என்கிறோம். ராயல் வானியல் சங்கம் 1872-இல் அவரை உறுப்பினராக்கியது. இரண்டு ஆண்டு கழித்து அந்தச் சங்கம் பிக்காடிலியில் உள்ள பர்லிங்டன் ஹவுஸுக்குக் குடிவந்தது. அதே வளாகத்தில்தான் அப்போது நீங்களும் இருந்தீர்கள். ஒரே முற்றத்தைச் சுற்றிய இரண்டு சங்கங்களில் ஒன்றுக்கு மதராஸ்காரர் தெரிந்திருந்தார். உங்கள் பெட்டகத்தில் அவர் பெயரில் ஒரு தாளாவது உண்டா என்று தேடிச் சொல்லுங்கள். இல்லை என்று தெரிந்தாலும் அதுவும் எங்களுக்கு வரலாறுதான்.

1918-க்குப் பிறகு கதவு நன்றாகவே திறந்தது. ஜகதீஷ் சந்திர போஸ் 1920, ராமன் 1924, சாகா 1927, வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1940, சந்திரசேகர் 1944. நான் நன்றியோடு எண்ணிப் பார்க்கும் ஆண்டுகள் இவை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2015 முதல் 2020 வரை உங்கள் தலைவராகவே இருந்தார். அந்தச் செய்தி வந்தபோது காவிரிக் கரையில் எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லி மாளாது.

ஆனால் தாமதங்களும் இருக்கின்றன. சத்தியேந்திரநாத் போஸ் ஒளித்துகள் பற்றிய தம் கட்டுரையை எழுதியது 1924-இல். துகள்களில் ஒரு பாதிக்கே அவர் பெயர் வைத்தாகிவிட்டது. உங்கள் உறுப்பினராக அவர் தேர்வானது 1958-இல், 64 வயதில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் கொலாஜன் என்ற புரதத்தின் மும்முறுக்கு அமைப்பை 1954-இல் சொன்னார். 1963-இல் வெளிவந்த அவர் வரைபடம் இன்று உலகத்தில் புரதம் பயிலும் ஒவ்வொரு மாணவர் மேசையிலும் இருக்கிறது. அவர் 1977-இல் தேர்வானார். இந்த நீண்ட இடைவெளிகளில் என்ன நடந்தது? பலமுறை முன்மொழிந்து தோற்றார்களா, முன்மொழியவே ஆள் இல்லையா? இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். மருந்தும் வேறு வேறு.

ஜானகி அம்மாளை நினைத்துப் பாருங்கள். தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்து, பிறகு இங்கிலாந்தில் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் தொகுப்பை 1945-இல் வெளியிட்டவர். டார்லிங்டன் 1941-லேயே உங்கள் உறுப்பினர். அட்டையில் இரண்டு பெயர், உங்கள் ஏட்டில் ஒன்று. இந்தியாவில் பணிபுரியும் ஒரு பெண் விஞ்ஞானி முதன்முதலில் உங்கள் உறுப்பினரானது 2019-இல். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ககன்தீப் காங். குழந்தைகளை வாட்டும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைப் பற்றி ஆராய்ந்தவர். கர்செட்ஜி தேர்வாகி 178 ஆண்டுக்குப் பிறகு. அதற்கு முன் எந்தெந்தப் பெண்களின் பெயர் உங்கள் குழுக்களின் மேசைக்கு வந்து திரும்பியது என்று தெரிந்தால், ஆய்வுக்கூடத்தில் இன்று வேலை செய்யும் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு அது பயன்படும். கதவு எங்கே இறுகியிருக்கிறது என்று தெரிந்தால்தானே தள்ள முடியும்.

நீங்கள் என்ன தயங்குவீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. மறுக்கப்பட்டவரின் மனமும் குடும்பமும் புண்படும். கருத்துச் சொன்னவர்கள் ரகசியம் என்று நம்பிச் சொன்னார்கள். இரண்டுமே நியாயமான தயக்கங்கள். அதனால்தான் ஐம்பது ஆண்டு இடைவெளி கேட்கிறேன். நோபல் பரிசுக் குழுக்கள் இதைத்தான் செய்கின்றன. ஐம்பது ஆண்டு கடந்த முன்மொழிவுகளை அவர்கள் பொதுவில் வைத்திருக்கிறார்கள். லிசே மைட்னர் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை முன்மொழியப்பட்டும் பரிசு பெறவில்லை என்பது அந்த ஏட்டால்தான் உலகுக்குத் தெரிந்தது. சத்தியேந்திரநாத் போஸுக்காக இங்கிருந்து எழுதியவர்கள் யார், எந்த ஆண்டில் என்றும் அதில் பார்க்கலாம். அதனால் நோபலின் மதிப்பு குறைந்துவிடவில்லை. மைட்னரின் மதிப்பு கூடியது.

கூடவே சின்னதாக இன்னொன்றும் கேட்கிறேன். இது படிவமே எழுத முடியாதவர்களைப் பற்றியது.

1690-களில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். சென்னையைச் சுற்றி வளர்ந்த செடிகளைப் பறித்துக் காயவைத்து லண்டனுக்கு அனுப்பினார். உங்கள் உறுப்பினரும் மருந்து வணிகருமான ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை ஆராய்ந்து 1698 முதல் உங்கள் இதழில் வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி செடித் தொகுப்புகளை உங்கள் சங்கத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்தது. அந்தக் கட்டுரைகளில் செடியின் வடிவம், மருத்துவக் குணம், அதோடு ‘மலபார்’ பெயர் என்று ஒன்று வரும். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழையே பெரும்பாலும் அப்படிக் குறித்தார்கள். ஆகவே உங்கள் உலகப் புகழ்பெற்ற இதழின் முப்பத்து நான்காம் ஆண்டிலேயே எங்கள் ஊர்ச் செடிகளின் பெயர்கள், லண்டன் அச்சுக்கோப்பவர் கைக்கு வந்த விதத்தில், அச்சேறிவிட்டன.

இந்தச் செடி இன்னது, இது காய்ச்சலுக்கு, இது வயிற்றுக்கு என்று பிரவுனுக்குச் சொன்னவர் யார்? நாட்டு மருத்துவரா, வேர் தோண்டி விற்கும் பெண்ணா, கோட்டைக்குக் கீரை கொண்டுவந்தவரா? அவர்கள் சொன்ன தகவல் அச்சில் நிற்கிறது. உங்கள் இதழில் இப்படிப் பங்களித்துப் பெயரோடோ பெயரில்லாமலோ வந்தவர்களை, கருவி செய்தவர்கள், வரைந்தவர்கள், கணக்கிட்டவர்கள், இடம் காட்டியவர்கள் எல்லாரையும், உறுப்பினர் பட்டியலோடு இணைத்துத் தேடும்படி ஒரு குறிப்பேடு தயாரியுங்கள். பெட்டிவர் பெயரைத் தட்டினால் பிரவுனும், பிரவுனுக்குச் சொன்ன பெயர் தெரியாத மதராஸ்வாசிகளும் அந்தப் பக்கத்தில் தெரிய வேண்டும்.

வேலை பெரிது என்று தெரியும். ஒரே நாளில் முடிக்கச் சொல்லவில்லை. 1731 முதல் 1847 வரையிலான மறுக்கப்பட்ட படிவங்களை முதல் தவணையாக எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆட்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இனி வருத்தம் என்று ஒன்றில்லை. அடுத்த தவணையில் 1847 முதல் 1918 வரை வரட்டும். நான் மிகவும் காத்திருப்பது அதற்குத்தான்.

செடிப் பெயர்களின் பகுதிக்கு நாங்கள் கைகொடுக்க முடியும். மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் சிதைந்து கிடக்கும் தமிழ்ப் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் இது ஆடாதொடை, இது நொச்சி, இது கீழாநெல்லி என்று பிரித்துச் சொல்லக்கூடிய தாவரவியல் ஆசிரியர்களும் சித்த மருத்துவர்களும் தஞ்சை மாவட்டத்தில் இருக்கிறார்கள். பக்கங்களின் படங்களை அனுப்பிவையுங்கள். கூலி வேண்டாம், படித்து எழுதித் தருகிறோம். யாரிடம் அனுப்புவது, எந்த வடிவத்தில் வேண்டும் என்று உங்கள் நூலகத்திலிருந்து ஒருவர் பதில் எழுதினால் போதும், இங்கே வேலையைத் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.